எல்லையில் ஒரு வரவேற்பு

நவராத்திரி தொடங்குவதற்கு முந்தைய நாட்களில், ஆண்டுதோறும், களியக்காவிளையில் ஒரு காட்சி நிகழ்கிறது. தமிழகத்தின் தென்மேற்கு எல்லையில் அமைந்த ஊர் அது. அதைக் கடந்தால் கேரளத்தின் பாறசாலைப் பகுதி. முதல் நாள் பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டு, குழித்துறையில் இரவு தங்கிய மூன்று தெய்வத் திருமேனிகள் மறுநாள் அந்த எல்லைக்கு வந்து சேர்கின்றன. மரபாக யானை மீது சரஸ்வதி தேவி. பல்லக்குகளில் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். அதுவரை உடன் வந்த தமிழகக் காவலர்களிடமிருந்து கேரளக் காவலர்கள் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார்கள். அணிவகுப்பு மரியாதை நடைபெறுகிறது. இரு மாநில அதிகாரிகளும் அருகருகே நிற்கிறார்கள். சாலையின் இருமருங்கிலும் குத்துவிளக்கேற்றி வைத்திருக்கும் மக்களில் சிலர் தமிழிலும் சிலர் மலையாளத்திலும் பிரார்த்திக்கிறார்கள். இரண்டு மொழிகளும் கலந்த நாவினர் பலர்.

எல்லை என்பது பொதுவாகச் சோதனைச் சாவடிக்குரிய இடம். 'நீ யார், எங்கிருந்து வருகிறாய், என்ன கொண்டு வருகிறாய்' என்று வினவும் இடம். அந்த இடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை 'வருக' என்னும் சொல் முதலில் ஒலிக்கிறது. இது ஒரு கோயில் சடங்கு மட்டும்தானா? இன்று உலக நகரங்கள் பெருமுயற்சியுடன் கற்றுக்கொள்ள முயலும் ஒரு பாடம் இதில் அடங்கியிருக்கிறதா? இக்கட்டுரை ஆராய்வது இதனையே.

பகையின்மை, நட்பு, கருணை

பகவத்கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயம் உண்மைப் பக்தனின் இயல்புகளை வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பது பூஜையும் அன்று, தவமும் அன்று. எவ்வுயிரிடத்தும் பகை கொள்ளாமை. அதற்கு அடுத்தது நட்பு. அதற்கும் அடுத்தது கருணை. இந்த முறைவைப்பு கருதத்தக்கது. பகையின்மை என்பது ஒன்றைச் செய்யாதிருத்தல். நட்பு என்பது ஒன்றைச் செய்தல். கருணையோ, நட்புக்கு இடமளிக்காதவனிடத்தும் இடம் தேடிச் செல்லுதல். முதற்படி இல்லாமல் இரண்டாவது நிலைக்காது. முதற்படியோடு நின்றுவிட்டால் மனம் வெறுமையாகக் கிடக்கும். வெற்றிடத்தில் பகை மீண்டும் குடிபுகுவது எளிது.

தனிமனிதனுக்குக் கூறப்பட்ட இந்த இலக்கணம் ஊர்களுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. ஊருக்கும் நினைவு உண்டு, கோபம் உண்டு, பழக்கம் உண்டு. மனிதனைப் போலவே ஊரும் தன் காயத்தை மட்டும் நினைவில் வைத்து, தான் பிறருக்குச் செய்த காயத்தை மறந்துவிடக் கூடியது. ஆகவே ஊருக்கும் சாதனை தேவைப்படுகிறது. பகைக்குப் பயிற்சி வேண்டியதில்லை. அது களை போலத் தானே முளைக்கும். நட்பையோ நாள் குறித்து, முறை வைத்துப் பேண வேண்டும்.

ஓர் உடைவாளும் மூன்று திருமேனிகளும்

பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் பழைய தலைநகரம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறியது. ஆயினும் அரசகுலத்தின் நவராத்திரி வழிபாட்டுக்குரிய சரஸ்வதி தேவி பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டிலேயே எழுந்தருளியிருந்தாள். கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்ட திருமேனி அது என்றும், அவர் அதனைச் சேர மன்னரிடம் ஒப்படைத்தார் என்றும் வழிவழியாகக் கூறப்படுகிறது. சுவாதித் திருநாள் மன்னரின் காலத்தில் நவராத்திரி விழா திருவனந்தபுரத்தில் நடத்தப்படலாயிற்று. விழா இடம் மாறியது. தெய்வத்தின் இருப்பிடம் மாறவில்லை. ஆகவே ஆண்டுதோறும் தேவி விருந்தினராகச் சென்று, விழா முடிந்ததும் வீடு திரும்பும் வழக்கம் உண்டாயிற்று.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தேவியின் வீடு ஒரு மாநிலத்திலும் விழா மண்டபம் மற்றொரு மாநிலத்திலுமாக ஆயின. அரசியல் கணக்கின்படி இந்த வழக்கம் அத்துடன் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. முன்னர் ஒரே அரசின் உள்விவகாரமாக இருந்தது, பின்னர் இரண்டு அரசுகளின் கூட்டுப் பொறுப்பாயிற்று.

அது நடைபெறும் விதத்தைச் சற்று நுணுகிக் காண வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை தமிழக மண்ணில் உள்ளது. அதனைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அங்கே உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் இரு மாநில அதிகாரிகள் முன்னிலையில் கையளிக்கப்படுகிறது. அதனை ஏந்தியவர் முன்செல்ல ஊர்வலம் புறப்படுகிறது. சுசீந்திரத்து நங்கை முந்தைய நாளே புறப்பட்டுப் பத்மநாபபுரம் வந்து சேர்ந்திருப்பாள். முதல் இரவு குழித்துறையில். மறுநாள் களியக்காவிளை எல்லையில் வரவேற்பு. பின் பாறசாலை மகாதேவர் கோயில். இரவு நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணர் கோயில். மூன்றாம் நாள் பாலராமபுரம், நேமம், கரமனை வழியாகத் திருவனந்தபுரம். அங்கே சரஸ்வதி தேவி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்குகின்றனர். விழா முடிந்ததும் மீண்டும் அதே சாலை, அதே ஊர்கள்.

பத்மநாபபுரத்திற்கும் திருவனந்தபுரத்திற்கும் இடையே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். வாகனத்தில் இரண்டு மணி நேரப் பயணம். நடந்து செல்வதால் மூன்று நாட்கள். அந்தத் தாமதமே இதன் பயன். வழியிலுள்ள ஒவ்வோர் ஊரும் அறிவிப்பைப் பெற வேண்டும். பந்தல் இட வேண்டும். குடிநீர் தர வேண்டும். போக்குவரத்தைச் சீர்செய்ய வேண்டும். அதற்காக இரு பக்கத்து வருவாய்த் துறையினரும், காவல் துறையினரும், தேவசம் போர்டும், இந்து சமய அறநிலையத் துறையும் ஆண்டுதோறும் கலந்து பேச வேண்டும். எவருக்கு எவரைத் தெரியும் என்பது நெருக்கடி வருவதற்கு முன்பே நிறைவேறிவிடுகிறது. 2020இல் பெருந்தொற்றின் போது கூட்டமும் ஆடம்பரமும் தவிர்க்கப்பட்டன, முறை தவிர்க்கப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. இங்கே வெற்றி பெறுபவர் எவருமில்லை. தமிழகம் தன் தெய்வங்களை நம்பி அனுப்புகிறது. கேரளம் காத்துத் திருப்பி அனுப்புகிறது. ஒப்படைத்தலும் திருப்பித் தருதலும் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்ததற்கே நம்பிக்கை என்று பெயர்.

அதே சாலை கண்ட பகை

இவ்வளவு கூறியதும் இச்சாலை என்றும் அன்பின் சாலையாகவே இருந்தது என்று எண்ணிவிடலாகாது. அவ்வாறு எண்ணுவது உண்மைக்கும் மாறானது, சாதனைக்கும் இடையூறானது.

ஊர்வலம் தங்கிய கோயில்களுக்குள், அது கடந்து சென்ற வீதிகளில் வாழ்ந்த மக்களில் பெரும்பகுதியினர் நுழைய முடியாத காலம் ஒன்று இருந்தது. தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட குலப் பெண்கள் தோளை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காகவே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசு இணங்கியது. வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி 1893இல் வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றதே பெரும் கலகமாகக் கருதப்பட்டது. நெய்யாற்றின்கரைக்கு அருகேயுள்ள ஊருட்டம்பலத்தில், பஞ்சமி என்னும் புலையர் குலச் சிறுமியை அவர் பள்ளியில் சேர்க்க முயன்றபோது அப்பள்ளியே தீக்கிரையாக்கப்பட்டது. தீயில் கருகிய ஒரு பெஞ்சு இன்றளவும் அங்கே காக்கப்பட்டு வருகிறது. 2022இல் அப்பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது. தன் தவற்றின் சான்றை மறைத்துவிடாமல் மாணவர் கண்முன் வைத்திருப்பது ஓர் ஊர் செய்யும் பிராயச்சித்தம் எனலாம்.

1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. மறு ஆண்டு ஜனவரியில் திருவிதாங்கூருக்கு வந்த காந்தியடிகள் அப்பயணத்தைத் தீர்த்த யாத்திரையாகவே கருதினார். அன்றுவரை தெய்வத்தைச் சாலையில் மட்டும் தரிசித்தவர்கள் அன்று முதல் சந்நிதியில் தரிசித்தனர்.

சாதி வேலி தளர்ந்தபின் மொழி வேலி எழுந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. நேசமணி அதன் தலைவர்களுள் முதன்மையானவர். நெய்யாற்றின்கரையும் அக்கோரிக்கைக்குள் அடங்கியிருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் ஆட்சி செய்தது பட்டம் தாணு பிள்ளை தலைமையிலான பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை. அக்கட்சியின் அகில இந்தியப் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, தம் கட்சி அரசே பதவி விலக வேண்டும் என்று வற்புறுத்தினார். எதிர்த் தரப்பின் தவற்றைக் கண்டிப்பது எவருக்கும் எளிது. தம் தரப்பின் தவற்றைக் கண்டிப்பவர் அரியர். பகையின் சங்கிலி அறுபடுவது பெரும்பாலும் அத்தகையவர் ஒருவரால்தான்.

பின்னர் மத வேலி. 1982 மார்ச் மாதத்தில் மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் விழாவை ஒட்டி மூண்ட கலவரமும் துப்பாக்கிச் சூடும் கடலோர ஊர்களைப் பிளந்தன. இந்துக்களும் கிறிஸ்தவ மீனவர்களும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்தனர். அச்சூழலில் குன்றக்குடி அடிகளார் அங்கே சென்றார். ஒரு சைவ மடத்தின் தலைவர் தம் சமயத்தாரிடம் மட்டும் ஆறுதல் கூறித் திரும்பியிருக்கலாம். அவர் இரு தரப்பு மக்களையும் நாடிச் சென்று, கேட்டு, பேசி, அமைதி திரும்ப உழைத்தார். காவி உடுத்தியவர் மீனவர் குடியிருப்புக்குள் நடந்து சென்றதே பாதி மருந்தாயிற்று.

இவ்வாறு சாதி, மொழி, மதம் என மூன்று பெயர்களில் ஒரே பகைதான் இந்த வட்டாரத்தில் மாறிமாறித் தலைகாட்டியது. ஒரு வடிவத்தை வென்றவர்கள் அடுத்த வடிவத்தில் தோற்றதும் உண்டு. ஆகவே இணக்கம் என்பது ஒருமுறை ஈட்டி வைத்துக்கொள்ளும் சொத்து அன்று. நாள்தோறும் ஏற்ற வேண்டிய விளக்கு.

ஆற்றங்கரையில் ஒரு கல்

நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, நெய்யாற்றின் ஓரத்தில் அருவிப்புறம் என்னும் சிற்றூர் உள்ளது. 1888ஆம் ஆண்டு சிவராத்திரி அன்று ஸ்ரீநாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து அங்கே சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். அவர் பிறந்த ஈழவ குலத்தாருக்கு அந்த உரிமை இல்லை என்று கருதப்பட்ட காலம் அது. அவர் எவரையும் தூற்றவில்லை. எவருடைய கோயிலையும் முற்றுகையிடவில்லை. சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி எல்லோரும் சகோதரராக வாழ்வதற்குரிய முன்மாதிரி இடம் இது என்னும் கருத்தை அங்கே எழுதி வைத்தார். எதிர்ப்பு என்பது இடிப்பதாகவே இருக்க வேண்டியதில்லை. இல்லாத ஒன்றைக் கட்டிக் காட்டுவதும் எதிர்ப்பே.

அங்கே தொடங்கிய எண்ணம் அங்கேயே தேங்கவில்லை. 1924இல் குரு ஆலுவாயில் சர்வமத மாநாட்டைக் கூட்டினார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் தலைமை வகித்தார். இந்த மாநாட்டின் நோக்கம் வாதிட்டு வெல்வது அன்று, ஒருவரையொருவர் அறிவது என்ற பொருளில் வாயிலில் அறிவிப்பு வைக்கப்பட்டிருந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அம்மாநாட்டின் நூற்றாண்டு வத்திக்கானில் நினைவுகூரப்பட்டது. பல சமயப் பிரதிநிதிகளைப் போப்பாண்டவர் பிரான்சிஸ் வரவேற்று உரையாற்றினார். நெய்யாற்றங்கரையின் ஒரு கல்லிலிருந்து ரோமாபுரி வரை நீண்ட பாதை அது.

உலக நகரங்கள் கற்கும் பாடம்

1892 டிசம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குச் சென்ற சுவாமி விவேகானந்தர், மறு ஆண்டு செப்டம்பர் 11 அன்று சிகாகோவில், மதவெறி மறைய வேண்டும் என்ற நம்பிக்கையை வெளியிட்டார். அதன்பின் வந்த நூற்றாண்டு அந்த நம்பிக்கையைக் கடுமையாகச் சோதித்தது. இரண்டு உலகப் போர்கள் நகரங்களைச் சாம்பலாக்கின. எனினும், சாம்பலிலிருந்து சில நகரங்கள் வேறொரு வழியைக் கண்டன.

1940 நவம்பர் 14 அன்று ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரைக் குண்டுவீசி அழித்தன. அதன் பழம்பெரும் தேவாலயமும் இடிந்தது. போர் நடந்துகொண்டிருந்தபோதே, அந்நகரத்துப் பெண்கள் எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் தம் பெயர்களை ஒரு மேசை விரிப்பில் பூத்தையலாக இட்டு, அதே போரில் சிதைந்த ரஷ்ய நகரமான ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினர். 1944இல் இரண்டும் சகோதர நகரங்களாயின. துன்புற்றவர் துன்புற்றவருக்குக் கைநீட்டுவது இயல்பு என்று கொள்ளலாம். ஆனால் 1959இல் கவென்ட்ரி நட்புறவு கொண்டது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருடன். அந்நகரம் 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்கக் குண்டுகளால் எரிந்தது. அதாவது, தன்னைத் தாக்கிய நாட்டின் நகரத்தை, தன் நாடு தாக்கிய நகரத்தை, அது நண்பனாக ஏற்றது. தன் காயத்தையும் தான் உண்டாக்கிய காயத்தையும் ஒரே நேரத்தில் காணும் கண் அதற்கு வாய்த்தது.

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரின் கதை இதனினும் கூர்மையானது. நாஜிக் கட்சியின் மாபெரும் பேரணிகள் அங்கேதான் நிகழ்ந்தன. யூதர்களின் உரிமைகளைப் பறித்த 1935ஆம் ஆண்டுச் சட்டங்கள் அந்நகரின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. அந்த அவப்பெயரை மறக்க முயலாமல், அதனையே கடமையாக மாற்றிக்கொண்டது அந்நகரம். 1993இல் மனித உரிமைப் பிரகடனத்தின் விதிகளைப் பல மொழிகளில் தாங்கிய தூண் வரிசை ஒன்று அங்கே நிறுவப்பட்டது. அதனை அமைத்தவர் டானி காரவான் என்னும் இஸ்ரேலியச் சிற்பி. 2004இல் இனவெறிக்கு எதிரான ஐரோப்பிய நகரங்களின் கூட்டமைப்பு, யுனெஸ்கோவின் முன்முயற்சியில், நியூரம்பர்க்கிலேயே உருவானது. ஊருட்டம்பலத்தின் கருகிய பெஞ்சும் நியூரம்பர்க்கின் தூண்களும் ஒரே பாடத்தையே கூறுகின்றன.

இந்நூற்றாண்டில் பகையின் வேகம் கூடியது. ஓரூரில் பேசப்பட்ட வெறுப்பு, கைப்பேசி வழியாக மறுநொடி வேறொரு கண்டத்தில் கேட்கிறது. வெறுப்பு எல்லை கடக்கும்போது அதன் மருந்தும் எல்லை கடக்க வேண்டும் என்ற உணர்வில், 2015 செப்டம்பரில் நியூயார்க்கில், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கூடிய வேளையில், 'வலிமையான நகரங்களின் வலையமைப்பு' தொடங்கப்பட்டது. பல நாட்டு மேயர்களும் உள்ளாட்சி அலுவலர்களும் தீவிரவாதத்தையும் வெறுப்பையும் தம் ஊர்களில் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு இது. தேசிய அரசுகளை விட்டு நகரங்கள் ஏன் முன்வர வேண்டும்? காரணம் எளியது. ஓர் இளைஞனின் மனம் திசைமாறுவதைத் தலைநகரம் அறியாது. அவன் தாய் அறிவாள், ஆசிரியர் அறிவார், தெருவின் கடைக்காரர் அறிவார், வார்டு உறுப்பினர் அறிவார். முதல் அறிகுறியைக் காண்பவர்களிடம்தான் முதல் மருந்தும் இருக்க வேண்டும்.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரம் இதற்கு எடுத்துக்காட்டு. 2013ஆம் ஆண்டளவில் அந்நகரிலிருந்து ஏறத்தாழ முப்பது இளைஞர்கள் சிரியப் போருக்குச் சென்றனர். அவர்களுள் பலர் வந்துசென்ற மசூதியை மூடிவிட வேண்டும் என்ற குரல் எழுந்தது. நகராட்சியும் காவல் துறையும் அதற்கு மாறாக அந்த மசூதியினருடன் தொடர்ந்து பேசின. பெற்றோரை ஒன்றுகூட்டின. திரும்பி வந்தவர்களில் குற்றம் செய்தமைக்குச் சான்று உள்ளவர் நீதிமன்றத்திற்கு உரியவர்; ஏனையோருக்குப் படிப்பு, வேலை, வீடு ஆகியவற்றைத் தேடிக்கொள்ள உதவி அளிக்கப்பட்டது; ஒவ்வொருவருக்கும் வழிகாட்டி ஒருவர் அமர்த்தப்பட்டார். இது அளவுகடந்த மென்மை என்று குறை கூறியவர் உண்டு. ஆயினும் 2014இல் அந்நகரிலிருந்து புதிதாகச் சென்றவர் ஒரே ஒருவர்தான் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் கதவை மூடாமல் வைத்திருந்ததால்தான் திரும்பி வருவதற்கு ஒரு கதவு இருந்தது என்பதில் ஐயமில்லை.

எல்லை கற்பிப்பது

இப்போது களியக்காவிளை எல்லைக்குத் திரும்பலாம். உலக நகரங்களின் முயற்சிகளையும் இந்த எளிய ஊர்வலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மூன்று உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவது, இணக்கத்திற்கு நாள் குறிக்கப்பட வேண்டும். கலவரம் மூண்டபின் கூட்டப்படும் அமைதிக் குழுவில் முன்பின் அறியாதவர்கள் எதிரெதிரே அமர்கிறார்கள். ஆண்டுதோறும் ஒன்றாகப் பந்தல் இட்டவர்களோ, ஒருவர் பெயரை மற்றவர் அறிந்து அமர்கிறார்கள்.

இரண்டாவது, வழக்கம் தன்னைத் திருத்திக்கொள்ளும் மனம் உடையதாக இருக்க வேண்டும். 1936இல் கோயில் வாயில் திறந்தது போன்றே வேறொரு வாயிலும் பின்னர் திறந்தது. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே பாடி வந்தனர். 2006இல் முதன்முதலாக ஒரு பெண்மணி அங்கே பாடினார். அவர் 1924இல் பாறசாலையில் பிறந்த சங்கீத விதூஷி பொன்னம்மாள். தேவியின் ஊர்வலம் தலைமுறைகளாகக் கடந்து சென்ற ஊரின் மகள், எண்பது வயது கடந்தபின், அந்தத் தேவியின் முன் அமர்ந்து பாடினார். வழக்கம் அதனால் தேயவில்லை, நிறைவுற்றது.

மூன்றாவது, நட்பு என்பது கருத்து வேறுபாடு இல்லாமை அன்று. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோடு வட்டார வயல்களுக்கு வந்த நீர் 2004 முதல் நிறுத்தப்பட்டது. 2012இல் தமிழகம் உச்சநீதிமன்றத்தை நாடியது. வறண்ட கால்வாயைக் கண்ட உழவரின் மனவேதனை எளியதன்று. எனினும் வழக்கு நடந்த ஆண்டுகளிலும் எல்லையில் விளக்குகள் ஏற்றப்பட்டன. தெய்வங்கள் சென்று வந்தன. ஊர்வலம் நீர்ச் சிக்கலைத் தீர்த்துவிடவில்லை. தீராத சிக்கல் தீராப் பகையாக மாறாமல் காத்தது. வழக்காடுபவரும் ஒரே பந்தலில் நிற்கக்கூடும் என்று அது காட்டியது. பகையின்மையின் இலக்கணம் இதுவே: உரிமையைக் கேட்கலாம், உறவை அறுக்கலாகாது.

கீதையின் வரிசையை மீண்டும் நினைவுகூர்வோம். குறையை வீதிக்குக் கொண்டு செல்லாமல் நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்வது பகையின்மை. நாள் குறித்து ஒப்படைத்துத் திருப்பித் தருவது நட்பு. ஆர்ஹுஸ் நகரம் திசைமாறிய மகனுக்காகக் கதவைத் திறந்து வைத்ததும், அடிகளார் அஞ்சிய மக்களின் குடியிருப்பை நாடிச் சென்றதும் கருணை. இவற்றில் எதுவும் மகான்களால் மட்டும் இயல்வது அன்று. பந்தல் இடுபவரும், குடிநீர் தருபவரும், விளக்கேற்றிக் காத்திருக்கும் இல்லத்தரசியும் இதில் பங்கு பெறுகின்றனர்.

தெய்வம் ஓர் ஊரின் எல்லையைக் கடக்கும்போது அதன் தெய்வத்தன்மை குறைவதில்லை. எதிரே நிற்பவரை வரவேற்கும் ஊரின் பெருமையும் குறைவதில்லை. இந்த உண்மையை ஆண்டுக்கு ஒரு நாள் களியக்காவிளை காட்டுகிறது. மீதி நாட்களில் அதனை வாழ்ந்து காட்டுவது ஒவ்வொரு வீட்டு வாசலின் பொறுப்பு.

சிந்தனைக்கு

1. நமது ஊரில் வேறு மொழியினர், வேறு சமயத்தினருடன் நாள் குறித்துச் செய்யப்படும் பொதுப்பணி எது? இல்லையெனில் எதனைத் தொடங்கலாம்?

2. நாம் சார்ந்த தரப்பு தவறு செய்தபோது அதனைச் சுட்டிக்காட்டிய அனுபவம் உண்டா? அதற்குத் தடையாக நின்றது எது?

3. பகையின்மை, நட்பு, கருணை ஆகிய மூன்றில் நாம் எந்தப் படியில் நிற்கிறோம்? அடுத்த படிக்குச் செல்ல இவ்வாரம் செய்யக்கூடிய ஒரு செயல் யாது?